பழைய சோனகத் தெருவிலிருந்து பஞ்சிகாவத்தைக்கு

கொழும்பில் ஆக்கவுரிமை விண்ணப்பங்களைப் பரிசோதித்தவன் என்று சொன்னால், விண்கலமும் புற்றுநோய் மருந்தும் என் மேசைக்கு வந்துபோயிருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வந்தவை தேங்காய் உரிக்கும் கருவி, இறப்பர்ப் பால்வெட்டும் கத்தி, தேயிலைக் கொழுந்து கிள்ளும் கத்தரி, புகை குறைந்த அடுப்பு, கதவுக் கொக்கி. நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். புலமைச் சொத்து அலுவலகத்தில் நிரந்தரமாக வேலை பார்த்தவன் அல்லன். எங்கள் நாட்டு முறை அப்படி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் விண்ணப்பதாரர் சர்வதேச வகைத் தேடல் அறிக்கை ஒன்றைப் பெற்று இணைக்கலாம். அந்தச் செலவு கட்டுப்படியாகாதவர், உள்ளூர்ப் பரிசோதகர் ஒருவரிடம் அனுப்பும்படி கேட்கலாம். அப்படிக் கேட்கப்பட்டவற்றில் குழாய், வால்வு, பம்ப் என்று இருந்த கோப்புகளும் என்னிடம் வந்தன.

இங்கே எழுதப்போவது சுவரினூடாகப் பொருத்தும் ஒரு குழாய் இணைப்பைப் பற்றி. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொழில்நுட்பப் பிரச்சினையை மாற்றவில்லை.

அந்தப் பிரச்சினை கொழும்புக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததே. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர்கள் கபுக் கல்லும் சுண்ணாம்பும். தடிப்பு ஒரு முழம் என்றாலும் ஆச்சரியமில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எழும்பிய தொடர்மாடிகளில் சீமெந்துக் கல், நாலு அங்குலம் அல்லது ஆறு அங்குலம், பூச்சு தனி. பழைய வீட்டில் குளியலறை சேர்க்கும்போதும் சரி, தொடர்மாடியில் வொஷிங் மெஷினைப் பல்கனிக்கு நகர்த்தும்போதும் சரி, வேலை ஒன்றுதான்: சுவரில் துளை போட்டுத் தண்ணீரை அந்தப் பக்கம் எடுக்க வேண்டும். குழாய் வேலை செய்யும் பைப் பாஸ் ஒரு துண்டு எஸ்லோன் குழாயை விட்டு, இரு முனையிலும் ஃபோசெட் சொக்கெட் ஒட்டி, சுற்றிச் சீமெந்து வைத்துப் பூசிவிடுவார். சில வருடங்களில் ஒட்டு விடும். தண்ணீர் சுவருக்குள்ளேயே ஊறும். கீழ்வீட்டுக்காரரின் சீலிங்கில் பூஞ்சணம் பூத்த பிறகுதான் மேல்வீட்டுக்காரருக்குச் செய்தி போகும். பிறகு சுவரை உடைப்பார்கள். உடைத்த இடத்தில் கசிவு இருக்காது. தண்ணீர் சுவருக்குள் இறங்கித் தனக்கு வசதியான இடத்தில்தான் தலைகாட்டும்.

விண்ணப்பதாரர் குழாய் வேலையில் கை பழகியவர். அவர் செய்தது இரண்டு துண்டுகளாலான ஓர் உடல். உள்வீட்டுப் பக்கத் துண்டு, வெளிப்பக்கத் துண்டுக்குள் திருகிப் போகும். சுவர் எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்குத் திருகி நிறுத்தலாம். ஒன்றுக்குள் ஒன்று போகும் இடத்தில் இரண்டு இறப்பர் வளையங்கள். அவற்றுக்கு நடுவே வட்டமாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து வெளிச்சுவர் வரைக்கும் உடலின் தடிப்புக்குள் ஒரு சிறு வாய்க்கால். முதல் வளையம் தேய்ந்து விட்டுக்கொடுத்தால் தண்ணீர் பள்ளத்தில் சேரும். இரண்டாவது வளையம் தடுப்பதால் சுவருக்குள் போக முடியாமல் வாய்க்கால் வழியே வெளியே வந்து சொட்டும். சொட்டைக் கண்டதும் உள்பக்கத் துண்டைக் கழற்றி வளையத்தை மாற்றலாம், சுவரைத் தொட வேண்டியதில்லை. வெளிச்சுவரில் இருக்கும் தட்டின் மேல், சுதந்திரமாகச் சுழலும் ஒரு வளையமூடி. அதில் ஒரேயொரு வாய், கீழ்நோக்கி. விவரணத்தில் இந்த மூடிக்கு அவர் ஒதுக்கியது ஒன்றரை வரி. அழகுக்குப் போட்டது போலத்தான் எழுதியிருந்தார்.

ஒரு கோப்பு வந்தால் நான் முதலில் வரைபடங்களைப் பார்ப்பேன். பிறகு உரிமைக்கோரல்கள். விவரணத்தைக் கடைசியில்தான் வாசிப்பேன். விவரணம் எழுதுகிறவர் தன் பொருளைப் புகழ்ந்துகொண்டே போவார். முதலில் அதை வாசித்தால் அவர் கண்ணாலேயே நாமும் பார்க்கத் தொடங்கிவிடுவோம். சட்டம் பாதுகாப்பது உரிமைக்கோரலில் எழுதியதைத்தான்.

இந்தக் கோப்பின் முதலாம் கோரல் சாரமாகச் சொன்னது இவ்வளவுதான்: சுவரினூடாகப் போகும் குழாய் உடல், ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் இறுக்கும் நட், கசிவைத் தடுக்கும் இறப்பர். மொட்டைமாடிக் கறுப்புத் தாங்கியின் அடியில் போடும் தாங்கி இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இந்த நாலும் இருக்கின்றன. தாங்கிக்கும் சுவர் உண்டு. ‘வீட்டுச் சுவருக்கானது’ என்று பின்னால் சேர்த்தாலும் பயனில்லை, நட்டை இன்னும் கொஞ்சம் நீளமான புரியில் ஓட்டினால் அதே பொருள் வீட்டுச் சுவரிலும் நிற்கும். ஒரு பொருளை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்ற நோக்கம் பழைய பொருளைப் புதிதாக்காது. முதலாம் கோரலுக்குப் புதுமை இல்லை என்று எழுத அரை மணிநேரம் போதுமாக இருந்தது. எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எல்லாவற்றையும் வளைத்துப் போடும் வேலியோடு தொடங்குகிறார்கள். நான் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. குறுக்குவதற்கு ஏதாவது உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தேடலுக்கு வழி வகைப்படுத்தல். சர்வதேச ஆக்கவுரிமை வகைப்படுத்தலில் குழாய்களுக்கு எஃப்16எல் என்ற பிரிவு. அதற்குள் 5ஆம் தொகுதி, குழாயோ கேபிளோ சுவரையும் தடுப்பையும் கடக்கும் இடத்துக்கான சாதனங்கள். 41ஆம் தொகுதியில் குழாயைச் சுவரோடு பிணைப்பவை, அதற்குள்ளும் உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ திருகி இறுக்குபவை தனியாக. ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் 1998இல் எஸ்பாஸ்நெட்டைத் திறந்துவிட்ட பிறகு இதெல்லாம் வெள்ளவத்தையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே செய்யக்கூடியதாகிவிட்டது. 5ஆம் தொகுதி ஒரு கடல். கப்பல் தடுப்புச்சுவர், நிலவறை, அணு உலை, தீத்தடுப்பு என்று உலகத்தில் சுவரைத் துளைத்தவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். சுவர்த் தடிப்புக்கேற்ப நீளம் மாறும் இரு துண்டு உறைகள் பல கிடைத்தன. தண்ணீர் போகும் உடலே அப்படி நீளம் மாறி, இறப்பர் வளையத்தால் அடைபட்டதும் கிடைத்தது. கசிவை வெளிக்காட்டும் வாய்க்கால் மட்டும் அந்தத் தொகுதிகளில் அகப்படவில்லை.

இந்த இடத்தில் பல பரிசோதகர்கள் கணினியை மூடிவிடுவார்கள். எங்கள் சட்டமோ எழுத்தில் வந்ததோடு நிற்கவில்லை. உலகில் எங்காவது எழுத்தாலோ, வாய்மொழியாலோ, பயன்பாட்டாலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்ட எதுவும் புதுமையைக் கெடுக்கும். பயன்பாடு எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த வழக்கு இங்கிலாந்தின் பாய்மரப் பலகை வழக்கு. 1968இல் ஓர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாக வந்த வின்ட்சர்ஃபிங் பலகைக்கு எடுத்த ஆக்கவுரிமை, பிற்பாடு இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் விழுந்தது. காரணங்களில் ஒன்று, 1958இல் ஹேலிங் தீவுக் கடற்கரையில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் தானே பாய் கட்டிய பலகையில் ஊரார் பார்க்க விளையாடியிருந்தான்.

அதனால் குழாய் சம்பந்தப்பட்ட கோப்பு வந்தால் நான் பழைய சோனகத் தெருவுக்குப் போவேன். ஹாட்வெயார் என்றால் கொழும்புக்கு அந்தத் தெருதான். கோப்பில் உள்ளதைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வாடிக்கையாளன் மாதிரித்தான் விசாரிப்பேன். பரிச்சயமான ஒரு கடைக்கார நானாவிடம், சுவரைக் கடக்க நீளம் மாற்றக்கூடியதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“இருக்கே சேர். சைனாச் சாமான். இப்ப பத்து வருசமா வருது. ஆனா இங்க ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. பாஸ்மாருக்கு சொக்கெட் ஒட்டித்தான் பழக்கம்.”

எடுத்துக் காட்டினார். இரண்டு துண்டு, ஒரு வளையம், பிரித்தானியப் புரி. வாய்க்கால் இல்லை. அவர் சொன்ன பத்து வருடத்தை அப்படியே என் அறிக்கையில் எழுத முடியாது. திகதியிட்ட பற்றுச்சீட்டோ அச்சான விலைப்பட்டியலோ வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பதாரரின் சட்டத்தரணி ஒரு கேள்வியில் தள்ளிவிடுவார். நானாவிடம் பழைய விலைப்பட்டியல் ஒன்று இருந்தது, படத்தோடும் வருடத்தோடும். அதைப் பிரதியெடுத்துக்கொண்டேன். உள்ளூர்ப் பரிசோதகருக்கு வெளிநாட்டுத் தேடல் அலுவலகத்தைவிட ஏதாவது அனுகூலம் உண்டென்றால் இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். தரவுத்தளத்தில் அவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். பழைய சோனகத் தெருவில் என்ன தொங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

புதுமை ஒரு கேள்வி. அடுத்தது கடினமானது: இந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவருக்கு இது தானாகவே தோன்றியிருக்குமா? சட்டம் சொல்லும் அந்தச் சாதாரணத் திறமைசாலி பேராசிரியரும் அல்லர், புதிதாகச் சேர்ந்த எடுபிடியும் அல்லர். எனக்கு அவர் பைப் பாஸ்தான். இந்தியாவில் பாத்திரம் கடைசல் பிடிக்கும் கருவியைப் பற்றி எழுந்த பிஷ்வநாத் பிரசாத் வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம் இதே ஆளைத்தான் தேடியது. தெரிந்த கருவியில் பட்டறைக்காரன் வழக்கமாகச் செய்யக்கூடிய திருத்தம் ஆக்கவுரிமைக்குப் போதாது என்று சொல்லி, 1951ஆம் ஆண்டின் ஆக்கவுரிமை ஒன்றைத் தள்ளியது. தெற்காசியாவில் இந்த வேலை செய்கிறவர்கள் வெளிநாட்டுத் தீர்ப்புகளுக்கு முன்னால் இதை வாசிக்க வேண்டும். பேசப்படும் பொருள் எங்கள் பட்டறைகளில் கிடப்பது.

எங்கள் தொடர்மாடிக்கு வழக்கமாக வரும் கொட்டாஞ்சேனை பாஸிடம், சுவருக்குள் கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று பொதுவாகக் கேட்டேன்.

“மீட்டரப் பார்ப்போம் சேர். எல்லா டப்பையும் பூட்டிட்டு அது சுத்துதா எண்டு. பிறகு தட்டிப் பார்ப்போம். பிறகு உடைக்கிறதுதான்.”

“உடைக்காமல் தெரிய வழியில்லையா?”

“இருந்தா நான் ஏன் சேர் உடைக்கிறன்?”

இந்தப் பதில் விண்ணப்பதாரருக்குச் சாதகம். ஆனால் எனக்குள் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. கசிவை வெளியே காட்டும் துளை எனக்குப் புதிதல்ல. கார் எஞ்சினின் வோட்டர் பம்ப்பைக் கையில் எடுத்துத் திருப்பினால் அடியில் ஒரு துளை தெரியும். உள்ளே இருக்கும் சீல் விட்டுக்கொடுத்தால், தண்ணீர் பெயாரிங்குக்குப் போகாமல் அந்தத் துளையால் சொட்டும். சொட்டினால் பம்ப்பை மாற்ற வேண்டும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். அதற்கும் முந்தியது நீராவி எஞ்சின். கொதிகலனின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிணைக்கும் முளைகளில் மெல்லிய துளை போட்டிருப்பார்கள். முளை முறிந்தால் அதனூடாக நீராவி சீறிக் காட்டிக்கொடுக்கும்.

பழைய சோனகத் தெருவிலிருந்து பஞ்சிகாவத்தை நடந்துபோகும் தூரம். அங்கே கடைக்குக் கடை வாகன உதிரிப்பாகம், வோட்டர் பம்ப் தெருவோரத்திலேயே அடுக்கிக் கிடக்கும். நடக்கும் தூரம் சட்டத்தில் கணக்கில்லை. கேள்வி, குழாய்க்காரர் ஒருவர் தன் பிரச்சினைக்குத் தீர்வு தேடி வாகனக்காரரின் பக்கம் பார்ப்பாரா என்பது. ஐரோப்பிய வழக்குகளில் அண்டைத் துறை என்று ஒரு கருத்து உண்டு. பிரச்சினை ஒன்றாக இருந்தால், பக்கத்துத் துறையையும் எல்லாத் துறைக்கும் பொதுவான அறிவையும் அந்தச் சாதாரண மனிதர் எட்டிப் பார்ப்பார் என்று எடுத்துக்கொள்வார்கள். பாஸ் எட்டிப் பார்க்கவில்லை, உண்மைதான். ஆனால் குழாய் இணைப்புகளை வடிவமைத்து வார்க்கும் தொழிற்சாலையிலும் ஒரு வடிவமைப்பாளர் இருக்கிறார். சீல் என்பது அவருடைய அன்றாடப் பாடம். பம்ப்பில் சீல், இங்கே வளையம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சீல் பழுதானால் அதை எப்படி வெளிக்காட்டுவது என்பதே இரண்டிலும் பிரச்சினை. வாய்க்காலை மட்டும் சேர்த்த இரண்டாம் கோரலும் நிற்காது என்று முடிவு செய்தேன்.

இதை எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். விடையைப் பார்த்துவிட்டவனுக்குக் கணக்கு எப்போதும் சுலபம். ‘அட, பம்ப்பில் இருக்கிறதே’ என்று எனக்குத் தோன்றியதே விண்ணப்பத்தை வாசித்த பிறகுதானே? ஆகவே கோப்பை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, விவரணத்தில் பிரச்சினை சொல்லப்பட்ட பக்கத்தை மட்டும் மறுபடி வாசித்தேன். கசிவை எப்படி வெளிக்காட்டுவது என்று மட்டும் கேட்டால் எனக்கு மறுபடியும் பம்ப்தான் வந்தது. ஆனால் பம்ப்பை இந்தச் சுவரில் பொருத்திப் பார்த்தபோது ஒன்று இடித்தது. பம்ப் எஞ்சினில் எப்போதும் ஒரே நிலையில்தான் பூட்டப்படும். துளை எப்போதும் அடியில்தான் இருக்கும். இந்த இணைப்போ திருகித் திருகி நீளம் சரிசெய்வது. சுவர்த் தடிப்பு எங்கே முடிகிறதோ அங்கே திருகல் நிற்கும். வாய்க்காலின் வாய் அப்போது மேலேயோ பக்கத்திலோ எங்கே பார்த்துக்கொண்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பம்ப் செய்தவருக்கு இந்தத் தலைவலி வந்ததே இல்லை. ஒன்றரை வரியில் ஒதுக்கப்பட்ட சுழலும் மூடி அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

அறிக்கையில் முதல் இரண்டு கோரல்களையும் மறுத்தேன். மூடியைப் பற்றி ஒரு கேள்வியும் வைத்தேன்: தட்டைச் சுற்றி நாலு துளை போட்டுவிட்டால் எப்படித் திருகினாலும் ஏதாவது ஒன்று கீழ்ப்பக்கம் இருக்குமே, மூடி எதற்கு?

அலுவலகம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில், சமாகம் மெதுரவில். அங்கே ஏற்பாடான சந்திப்புக்கு விண்ணப்பதாரர் தன் சட்டத்தரணியோடு வந்தார். சட்டத்தரணி வாயைத் திறக்குமுன் இவர் பதில் சொல்லிவிட்டார்.

“நாலு துளை முதல்ல போட்டுப் பார்த்தன் சேர். வெள்ளவத்தையில கடல் பக்கச் சுவர். தென்மேல் காற்று தொடங்கின உடனே மழைத் தண்ணி மேல் துளையால உள்ள போய்க் கீழ் துளையால சொட்டுது. வீட்டுக்காரர் லீக் எண்டு கோல் எடுக்கினம். போய்ப் பார்த்தா லீக் இல்ல. மழை இல்லாத நாளில குளவி மண் வைச்சு அடைக்குது.”

ஒரு வாயுள்ள மூடி கீழ்நோக்கி நின்றால் மழையும் ஏறாது, குளவிக்கும் வசதியில்லை. சொட்டினால் அது கசிவுதான். இவ்வளவும் அவருடைய மூளையில் இருந்தது, கோப்பில் இல்லை. புதிய விடயத்தைப் பின்னால் விவரணத்தில் நுழைக்க முடியாது. நல்ல வேளையாக, மூடி சுழலும் என்பதும் ஒரே வாய் என்பதும் அந்த ஒன்றரை வரியிலும் வரைபடத்திலும் தெளிவாக இருந்தன. அதன் பயனை வாதமாக ஏற்றுக்கொள்ளத் தடையில்லை. இரு துண்டு உடல், இரண்டு வளையம், நடுவே வட்டப் பள்ளம், வாய்க்கால், ஒற்றை வாயுள்ள சுழல்மூடி, இவை எல்லாம் சேர்ந்த ஒரு கோரலை ஏற்கலாம் என்று என் இரண்டாவது அறிக்கையை எழுதினேன். விண்ணப்பத் திகதியிலிருந்து 20 வருடம், வருடந்தோறும் கட்டணம் கட்டினால்.

சந்திப்பில் இன்னொன்றும் வெளிவந்தது. விண்ணப்பிக்கும் முன்பே சில இணைப்புகளைத் தெரிந்தவர்களுக்கு விற்றிருக்கிறார். எங்கள் சட்டத்தில் விண்ணப்பதாரர் தானே வெளிப்படுத்தியதற்கு ஒரு வருட விலக்கு உண்டு, அதற்குள் வந்துவிட்டார். ஐரோப்பாவில் அந்த விலக்கு இல்லை. நாங்கள் பரிஸ் உடன்படிக்கையில் சேர்ந்தது 1952இல், ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் 1982இல், ஆகவே கொழும்பில் கொடுத்த திகதியை வைத்து வெளிநாடுகளிலும் கேட்கலாம். ஆனால் அவருடைய சொந்த விற்பனையே ஐரோப்பாவில் அவருக்கு எதிரான சாட்சி. கண்டுபிடித்த பொருளைத் தூக்கிக்கொண்டு முதலில் கடைக்கு ஓடுகிறவர்கள் இங்கே அதிகம். முதலில் விண்ணப்பம், பிறகு விற்பனை என்று சொல்லிக்கொடுப்பார் இல்லை.

இன்னொரு மனத்தாங்கலும் எனக்குண்டு. ஜெர்மனியில் 1891 முதல் பயன்பாட்டு மாதிரி என்று ஒரு சிறிய உரிமை இருக்கிறது. இப்போது அதற்குப் பத்து வருட ஆயுள், உள்ளடக்கப் பரிசோதனை இல்லாமலே பதிவாகும். இப்படிப்பட்ட பொருள்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. இலங்கையில் அது இல்லை, இந்தியாவிலும் இல்லை. மூடியும் கொக்கியும் குழாயும் கண்டுபிடிக்கிறவர்கள் நிறைந்த நாடுகளில், அவர்களையும் மருந்துக் கம்பனிகள் நிற்கும் அதே வரிசையில் நிற்க வைக்கிறோம்.

ஆக்கவுரிமை கிடைத்து சில காலம் கழிந்து, பழைய சோனகத் தெருவில் அதே நானாவின் கடையில் ஒரு சாமானைப் பார்த்தேன். இரு துண்டு, இரண்டு வளையம், பள்ளம், வாய்க்கால், எல்லாம் இருந்தன. சுழல்மூடி இல்லை. தட்டில் நாலு துளை. விலை குறைவு. உரிமைக்கோரலில் சொன்ன ஒவ்வொன்றும் இருந்தால்தான் மீறல், ஒன்று குறைந்தாலும் இல்லை. மூடியைக் கழற்றிவிட்டதால் இதைக் கொண்டுபோய் வணிக மேல் நீதிமன்றத்தில் வைத்து எதுவும் பெற முடியாது. செய்தவருக்கு அது தெரிந்திருந்ததோ, காசை மிச்சம் பிடித்தாரோ, எனக்குத் தெரியாது.

“இது இப்ப நல்லாப் போகுது சேர்,” என்றார் நானா. “மழைக்குத்தான் கொஞ்சம் கம்ப்ளெய்ன் வருது. பாஸ்மார் சிலிக்கன் வைச்சு நாலு ஓட்டையையும் அடைச்சிடுறாங்க.”